கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு

கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு (1726 – பெப்ரவரி 13, 1798) செருமனியில் பிறந்து, தமிழ்நாட்டில் 48 ஆண்டுகள் பணியாற்றிய லூத்தரன் கிறித்தவ மறைபரப்புநர் ஆவார். தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய நகரங்களில் வாழ்ந்தார். போரினாலும் பஞ்சத்தினாலும் பெற்றோரை இழந்த சிறுவர்களுக்காகவும், கோட்டை நகரங்களில் வறுமையில் வாடிய குடும்பங்களுக்காகவும் பள்ளிகளையும் காப்பகங்களையும் நிறுவினார். தஞ்சை மராட்டிய மன்னர் துளசாவின் நம்பிக்கைக்கு உரியவராகவும், இரண்டாம் சரபோசி மன்னரின் ஆசிரியராகவும் காவலராகவும் விளங்கினார். தமிழ்க் கிறித்தவர்கள் இவரைச் சுவார்ட்சு ஐயர் என்று அழைத்தனர்.

பிறப்பும் கல்வியும்

சுவார்ட்சு 1726 அக்டோபரில் பிரசிய நாட்டின் சொன்னன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. இவர் குழந்தையாக இருந்தபோதே தாயார் இறந்துவிட்டார். மகனை இறைப்பணிக்கு ஒப்படைத்திருப்பதாக அவர் மரணப்படுக்கையில் கணவரிடம் தெரிவித்தார் என்பது இவரது வரலாற்றை எழுதியோர் அனைவரும் கூறும் செய்தியாகும்.

1746 இல் ஆலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆலே நகரம் அக்காலத்தில் ஏழைச் சிறுவர் கல்விக்கு ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்தது. ஆகசுட்டு எர்மன் பிராங்கே என்பவர் 1695 இல் அங்கு ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, அதனைப் பெரிய அநாதை இல்லமாகவும் அச்சகம், மருந்தகம் ஆகியவற்றைக் கொண்ட நிறுவனமாகவும் வளர்த்திருந்தார். பக்தியும் ஏழைகளுக்கான கல்வியும் பிரிக்க முடியாதவை என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு இம்மரபைச் சேர்ந்தவர். சுவார்ட்சும் இதே மரபில் உருவானவர்.

இந்தியாவிலிருந்து திரும்பி ஆலேயில் வாழ்ந்த பெஞ்சமின் சூல்சு என்பவர் தமிழ் விவிலியத்தை அச்சிடும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அப்பணியில் உதவுவதற்காகச் சுவார்ட்சு தமிழ் கற்கத் தொடங்கினார். அந்த அச்சுப்பணி நிறைவேறவில்லை. ஆனால் கற்ற தமிழ் அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்தது. 1749 இல் கோபனேகனில் குருப்பட்டம் பெற்றார்.

தரங்கம்பாடியில்

இங்கிலாந்து வழியாகப் பயணம் செய்து, 1750 சூலையில் கடலூரில் வந்திறங்கிய சுவார்ட்சு, அங்கிருந்து டேனியரின் ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 23. நான்கு மாதங்களில் தமிழில் அருளுரை ஆற்றும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றார். பின்னர் போர்த்துகீசியம், இந்துசுத்தானி, பாரசீகம், மராட்டியம் ஆகிய மொழிகளையும் கற்றார். எளிய மக்களிடம் தமிழிலும், ஐரோப்பியக் கலப்பினக் குடும்பங்களிடம் போர்த்துகீசியத்திலும், அரசவையில் பாரசீகத்திலும் மராட்டியத்திலும் நேரடியாகப் பேச முடிந்தது அவருடைய பிற்காலப் பணிகள் அனைத்துக்கும் அடிப்படையாக அமைந்தது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலம் முதலே ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளித்துக் கற்பிக்கும் பள்ளிகள் நடந்து வந்தன. இப்பள்ளிகளில் சுவார்ட்சு பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். 1760 இல் இலங்கைக்குச் சென்று யாழ்ப்பாணம் உள்ளிட்ட ஊர்களில் இருந்த கிறித்தவர்களைச் சந்தித்துத் திரும்பினார்.

திருச்சிராப்பள்ளியில்

1762 இல் சுவார்ட்சு தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, அந்நகரையே தமது பணிக்களமாக்கிக் கொண்டார். கருநாடகப் போர்கள் அப்பகுதியைச் சீரழித்திருந்த காலம் அது. 1751 இல் இன்றைய பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள வாலிகண்டபுரத்தில் ஆங்கிலப் படை பின்வாங்கிய பின்னர், போர் திருச்சிராப்பள்ளிக் கோட்டையைச் சுற்றியே நடந்தது. கோட்டை இருமுறை நீண்ட முற்றுகைக்கு உள்ளானது. போர் ஓய்ந்தபோது நகரில் நவாப் முகம்மது அலியின் ஆட்களும், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையினரும், அவர்களை அண்டிப் பிழைத்த ஏழைக் குடும்பங்களும் நிறைந்திருந்தனர்.

படைவீரர்களின் பிள்ளைகள் நிலை மிகவும் இரங்கத்தக்கதாக இருந்தது. தந்தை ஐரோப்பியராகவும், தாய் பெரும்பாலும் இந்தியப் பெண்ணாகவோ கலப்பினப் பெண்ணாகவோ இருந்தனர். தந்தை போரில் இறந்தாலோ வேறு ஊருக்கு மாற்றப்பட்டாலோ குடும்பம் ஆதரவற்றுப் போயிற்று. 1763 இல் திருச்சிராப்பள்ளியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் படைவீரர் பலர் இறந்தனர். அவர்களுடைய பிள்ளைகளைக் காப்பதற்காகச் சுவார்ட்சு ஆங்கில அதிகாரிகளிடம் பணம் திரட்டி ஒரு பள்ளியைத் தொடங்கினார். திருச்சிராப்பள்ளியில் உள்ள புனித யோவான் வெசுட்ரி மேனிலைப் பள்ளி தன் தோற்றத்தை இந்தப் பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது.

1764 இல் மருதநாயகம் எனப்படும் யூசுப் கானுக்கு எதிராக மதுரை முற்றுகையிடப்பட்டபோது, சுவார்ட்சு அங்கு சென்று காயமுற்றவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் பணிவிடை செய்தார். இதற்காக நவாப் அவருக்கு ஒரு தொகையைப் பரிசாக அளித்தார். அத்தொகையையும் அவர் திருச்சிராப்பள்ளிப் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். ஆட்சியாளரிடமிருந்து கிடைக்கும் பணத்தைப் பிள்ளைகளின் பள்ளிக்குத் திருப்பும் இவ்வழக்கத்தை அவர் இறுதிவரை கடைப்பிடித்தார்.

1766 இல் கோட்டைக்குள் கிறித்துநாதர் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. அதன்பின் இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு மேம்பாட்டுக் கழகம் அவரைத் தன் பணியாளராக ஏற்றுக்கொண்டது. கம்பெனி அவரைப் படையினரின் குருவாக நியமித்து ஆண்டுக்கு 100 பவுண்டு ஊதியம் அளித்தது. இவ்வூதியத்தின் பெரும்பகுதி பள்ளிக்கும் திருச்சபைக்கும் சென்றது.

எளிய வாழ்க்கை

சுவார்ட்சு திருமணம் செய்துகொள்ளவில்லை. திருச்சிராப்பள்ளியில் பழைய கட்டடம் ஒன்றில், கட்டில் போடும் அளவே இடமுள்ள சிறிய அறையில் வாழ்ந்தார். சோறும் காய்கறியும் உண்டார். கறுப்புச் சாயம் தோய்த்த உள்ளூர்ப் பருத்தித் துணியை உடுத்தினார். அவரை நேரில் அறிந்த வில்லியம் சேம்பர்சு என்ற ஆங்கிலேயர் இச்செய்திகளைப் பதிவு செய்துள்ளார். கம்பெனி ஊழியர் பலர் கடன் வட்டியாலும் கையூட்டாலும் குறுகிய காலத்தில் பெருஞ்செல்வம் சேர்த்து ஊர் திரும்பிய காலத்தில், பணத்தில் பற்றில்லாத இந்த வாழ்க்கை எல்லாத் தரப்பினரிடமும் அவருக்கு நன்மதிப்பைத் தேடித் தந்தது.

தரங்கம்பாடி மறைப்பணியாளர் ஒருவரின் மகனான யோவான் காசுபர் கோலாப் என்பவரைச் சிறுவயது முதலே தம்முடன் வைத்து வளர்த்தார். 1787 இல் குருப்பட்டம் பெற்ற கோலாப், பிற்காலத்தில் தஞ்சாவூர்ப் பணியைத் தொடர்ந்து நடத்தினார்.

தஞ்சாவூரில்

சுவார்ட்சு 1769 இல் துளசா மன்னரை முதன்முறையாகச் சந்தித்தார். 1773 இல் நவாபும் கம்பெனியும் தஞ்சாவூரைக் கைப்பற்றி மன்னரைச் சிறை வைத்தனர். 1776 இல் மன்னர் மீண்டும் அரியணை பெற்றார். ஆனால் நாடு கடனிலும் வரிச்சுமையிலும் மூழ்கியிருந்தது. 1778 இல் சுவார்ட்சு தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தார். சிவகங்கைச் சிறுகோட்டையில் 1779 இல் ஓர் ஆலயம் எழுந்தது. தமிழ்ப் பள்ளியும் ஆங்கிலப் பள்ளியும் தொடங்கப்பட்டன.

ஐதர் அலியிடம் தூது

1779 இல் சென்னை ஆளுநர் தாமசு ரம்போல்டு, சுவார்ட்சை மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியிடம் அமைதித் தூதராகச் செல்லுமாறு வேண்டினார். போரைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில் அவர் இதற்கு இசைந்தார். சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அலி அவரை மதிப்புடன் வரவேற்றார். எனினும் கம்பெனியின் நடவடிக்கைகளில் ஐதருக்கு நம்பிக்கை இல்லாததால் தூது பயன் தரவில்லை.

விடைபெறும்போது வழிச்செலவுக்காக ஐதர் 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்சு அதனைச் சென்னை அரசிடம் ஒப்படைக்க முயன்றார். அவரே வைத்துக்கொள்ளுமாறு அரசு கூறியபோது, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலத் தருமப் பள்ளிக்கு அதனை முதலாக்கினார். இவ்வாறு, கம்பெனியின் பகைவர் அளித்த பணம் கம்பெனிப் படைவீரரின் பிள்ளைகள் படிக்க உதவியது.

பஞ்ச காலம்

1780 சூலையில் ஐதர் அலி கருநாடகத்தின் மீது படையெடுத்தார். 1781 இல் தஞ்சை நாடு சூறையாடப்பட்டது. வாய்க்கால்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன, பயிரிடுதல் நின்றது. கிராம மக்கள் கூட்டங்கூட்டமாகத் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிக் கோட்டைகளுக்குள் அடைக்கலம் புகுந்தனர். உணவின்றித் தெருக்களில் மக்கள் இறந்தனர்.

விலை குறைவாக இருந்தபோதே சுவார்ட்சு பெருமளவு நெல் வாங்கிச் சேமித்திருந்தார். அதனைக் கொண்டு நண்பர்களின் உதவியுடன் பல மாதங்கள் ஏழைகளுக்கு உணவளித்தார். அதே வேளையில் கோட்டைக்குள் இருந்த படைக்கும் தானியம் தீர்ந்து போயிற்று. நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தும் அதைக் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்னர் பலமுறை விலை கொடுக்கப்படாமல் ஏமாற்றப்பட்டிருந்ததால், மாடு வைத்திருந்தோர் மன்னரையோ கம்பெனியையோ நம்பவில்லை. சுவார்ட்சு தாமே பணத்துக்குப் பொறுப்பேற்பதாகக் கடிதம் எழுதினார். சில நாட்களில் ஏறத்தாழ 1,000 மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டது. அவர் சொன்னபடியே அனைவருக்கும் பணம் கொடுக்கப்பட்டது. போரின்போது சுவார்ட்சு தடையின்றிச் சென்றுவர ஐதர் அலி தம் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டிருந்தார்.

போர் முடிந்த பின்னரும் துன்பம் நீங்கவில்லை. அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் உழவர்கள் ஊரைவிட்டு வெளியேறினர். திரும்பி வந்தால் நீதி கிடைக்கும் என்று மன்னர் அளித்த வாக்கை அவர்கள் ஏற்கவில்லை. சுவார்ட்சு உறுதியளித்த பிறகு ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்து வயல் வேலையைத் தொடங்கினர். 1786 இல் நாட்டு நிருவாகத்தை மேற்பார்வையிடச் சென்னை அரசு அமைத்த குழுவில் அவரும் உறுப்பினராக்கப்பட்டார்.

பள்ளிகள்

சுவார்ட்சின் கல்விப் பணியை இரு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஏழைகளுக்கும் அநாதைகளுக்குமான தருமப் பள்ளிகள். இவற்றில் பிள்ளைகளுக்கு உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றுடன் எழுத்தும் கணக்கும் கிறித்தவ மறைக்கல்வியும் அளிக்கப்பட்டன. உபதேசியார் எனப்பட்ட தமிழ்ப் பணியாளர்கள் சேரிகளுக்கும் சிற்றூர்களுக்கும் சென்று குடும்பங்களைச் சந்தித்தனர். துளசா மன்னர் தாம் இறப்பதற்கு முன், ஆண்டுக்கு 500 வராகன் வருவாயுள்ள ஒரு கிராமத்தை இப்பள்ளிக்கும், சிறப்பாக அதிலிருந்த அநாதைப் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் எழுதிவைத்தார்.

இரண்டாவது, மாகாண ஆங்கிலப் பள்ளிகள். தஞ்சாவூரில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த சான் சலிவன் என்பவருடன் இணைந்து 1784–85 காலப்பகுதியில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் இவை தொடங்கப்பட்டன. மொழிபெயர்ப்பாளர்களான துபாசிகளின் இடையீடு இல்லாமல் மக்களும் ஆட்சியாளரும் பேசிக்கொள்ள வேண்டும் என்பது இவற்றின் நோக்கங்களுள் ஒன்று. 1787 இல் கம்பெனியின் இயக்குநர் அவை ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் மானியம் அளிக்க ஒப்புக்கொண்டது. இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்குக் கம்பெனி அளித்த தொடக்ககால மானியங்களுள் இது ஒன்றாகும். மாணவர்களை ஏமாற்றி மதம் மாற்றும் எந்த வழியும் இப்பள்ளிகளில் பின்பற்றப்படாது என்று சுவார்ட்சு உறுதியளித்தார். அதிகாரிகள், வணிகர்கள், பிராமணர்கள் ஆகியோரின் பிள்ளைகளே இவற்றில் மிகுதியாகப் படித்தனர்.

இதே காலத்தில் சென்னையிலும் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான காப்பகங்கள் தோன்றின. 1787 இல் பெண் பிள்ளைகளுக்கும், 1789 இல் ஆண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் காப்பகங்கள் ஏற்பட்டன. எழும்பூரில் இருந்த ஆண்கள் காப்பகத்தில் மூத்த மாணவரே இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையை ஆண்ட்ரூ பெல் வகுத்தார். இது சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் பரவியது. போர்க்காலக் கோட்டை நகரங்களில் சுவார்ட்சு கால் நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொண்ட சிக்கலுக்கு, அரசு மிகவும் பிந்தியே தீர்வு தேடியது.

திருநெல்வேலித் தொடர்பு

1778 இல் சுவார்ட்சு பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்னும் மராட்டியப் பிராமணக் கைம்பெண்ணுக்குத் திருமுழுக்கு அளித்தார். கிளாரிந்தாவின் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785 இல் சுவார்ட்சால் திறந்து வைக்கப்பட்டது. சத்தியநாதன் என்ற உபதேசியாரை அவர் அங்கு அனுப்பினார். சத்தியநாதன் 1790 இல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றார்.

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வேதநாயகம் என்ற சிறுவனைச் சுவார்ட்சு 1785 இல் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். இச்சிறுவனே பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாத்திரியார் ஆவார். அவர் இளம் வயதிலேயே தஞ்சாவூர்ப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

சரபோசியின் காவலர்

துளசா மன்னருக்கு வாரிசாகப் பிள்ளைகள் இல்லை. 1787 இல் அவர் தம் குலத்தைச் சேர்ந்த ஏறத்தாழ பத்து வயதுச் சிறுவனான சரபோசியைத் தத்தெடுத்து, சுவார்ட்சின் பொறுப்பில் விட விரும்பினார். அரண்மனைப் பூசல்களுக்கு இடையில் சிறுவனைத் தனியே காப்பது இயலாது என்று கருதிய சுவார்ட்சு, மன்னரின் உடன்பிறந்தார் அமர்சிங்கைக் காவலராக்குமாறு கூறினார். மன்னர் இறந்தபின், தத்து செல்லாது என்று பண்டிதர்கள் கூறியதன் பேரில் அமர்சிங்கே அரசரானார்.

இதன் விளைவு சிறுவனுக்குக் கேடாக முடிந்தது. சரபோசி அரண்மனையில் அடைத்து வைக்கப்பட்டார், கல்வி மறுக்கப்பட்டது. தமது முந்தைய அறிவுரையின் பயனைக் கண்ட சுவார்ட்சு, சிறுவனின் விடுதலைக்காகச் சென்னை அரசிடம் தொடர்ந்து வாதாடினார். 1793 இல் சரபோசியும் துளசாவின் மனைவியரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கு செரிக்கே என்ற மறைப்பணியாளரின் மேற்பார்வையில் சரபோசியின் கல்வி தொடர்ந்தது. தத்து குறித்த சாத்திர ஆதாரங்களைத் திரட்டி அரசுக்கு அளிப்பதிலும் சுவார்ட்சு பங்கேற்றார். இறுதியில் முந்தைய தீர்ப்பு மாற்றப்பட்டு, 1798 சூனில் சரபோசி அரியணை ஏறினார். அதைக் காணச் சுவார்ட்சு உயிருடன் இல்லை.

மறைவும் நினைவுச் சின்னங்களும்

காலில் ஏற்பட்ட நோயால் துன்புற்ற சுவார்ட்சு, 1798 பெப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் காலமானார். 1750 இல் வந்தவர் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. தம்மிடம் எஞ்சியிருந்த பொருளைத் தஞ்சாவூர் மறைப்பணிக்கு எழுதிவைத்திருந்தார்.

சரபோசி தம் ஆசிரியரின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் இரங்கற்பா இயற்றினார். இலண்டன் சிற்பி சான் பிளாக்சுமனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்றையும் செய்வித்தார். மரணப்படுக்கையில் உள்ள சுவார்ட்சின் கையை மன்னர் பற்றி நிற்பதை இது காட்டுகிறது. இச்சிற்பம் சிவகங்கைச் சிறுகோட்டை ஆலயத்தில் உள்ளது. கம்பெனி தன் சார்பில் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியது.

சரபோசி கிறித்தவராகவில்லை, இந்து சமயத்திலேயே வாழ்ந்தார். எனினும் ஆசிரியரின் நினைவாகக் கண்ணந்தங்குடியில் ஐம்பது ஏழைக் கிறித்தவச் சிறுவர்களைப் பராமரிக்க ஏற்பாடு செய்தார். 1802 இல் ஒரத்தநாட்டில் அவர் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தில் அன்னதானத்துடன் பள்ளியும் நடந்தது.

மதிப்பீடும் விமர்சனங்களும்

சுவார்ட்சின் பணியில் இருந்த குறைகளையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அவருடைய ஆலயங்களில் வேளாளர் முதலிய சாதியினரும் தாழ்த்தப்பட்ட சாதியினரும் தனித்தனியே அமர்ந்தனர். சாதி வேறுபாடு நாளடைவில் மறையும் என்று கருதி அவர் இதனைப் பொறுத்துக்கொண்டார். அவ்வாறு நடக்கவில்லை. 1833 இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதி வழக்கங்களைக் கைவிட ஆணையிட்டபோது, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிக் கிறித்தவர் பலர் சபையைவிட்டு விலகினர். எதிர்த்தவர்களில் வேதநாயகம் சாத்திரியாரும் ஒருவர். சமயப் பணியாளர் ஒருவர் கம்பெனியின் தூதராகவும் அரசியல் ஆலோசகராகவும் செயல்பட்டதும் கேள்விக்கு உள்ளாகியுள்ளது.

அவர் தொடங்கிய பள்ளிகள் அவரை விஞ்சி வாழ்ந்தன. தஞ்சாவூர் புனித பேதுரு மேனிலைப் பள்ளி 1784 ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்கிறது. இராமநாதபுரம் பள்ளி இன்று சுவார்ட்சு மேனிலைப் பள்ளி என்ற பெயரில் இயங்குகிறது. இராமேசுவரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, பின்னர் இந்தியக் குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாம் இப்பள்ளியில் பயின்றவர் ஆவார்.